துவக்குக்குப் பொட்டு வைத்தவள்

கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் கனகாம்பிகையைத் தெரியாத தமிழர் குறைவு. ஊர்ச்சனமெல்லாம் துவக்குச் சத்தம் கேட்காத இடம் தேடி லண்டனுக்கு வந்திருக்க, நாற்பது வயதுக்கு மேல் துவக்குச் சுடப் பழகப் போனவள் அவள் ஒருத்திதான். தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டில் அந்தத் தெருக்களுக்கு அதைவிடப் பெரிய கதை கிடைக்கவில்லை.

வினை தொலைபேசியில் வந்தது. அவளுடைய அண்ணன் பத்மநாதன் அமெரிக்காவில், கொலராடோவில் இருந்தார். ஒவ்வொரு செப்டெம்பரும் மலைக்குப் போய் எல்க் வேட்டையாடுவார். எல்க் என்றால் குதிரை உயரத்துக்கு நிற்கிற மான். அதையும் இந்தக் காலத்துத் துவக்கால் அல்ல. குழலின் வாய்வழியே வெடிமருந்தைக் கொட்டி, ஈயக்குண்டை இடித்து இறக்கிச் சுடுகிற பழங்காலத்துத் துவக்கால். ஒரு வெடிதான். தவறினால், மறுபடி இடித்து முடிப்பதற்குள் மான் அடுத்த மலைக்குப் போய்விடும். இந்தப் பெருமையை அவர் அளந்துகொண்டிருந்தபோது கனகாம்பிகை குறுக்கே விழுந்தாள்.

"அண்ணை, அடுத்த வரியம் நானும் வரட்டோ? சுடத்தான்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உனக்கு ஏலாது பிள்ளை. அந்தத் துவக்கைத் தூக்கவே உனக்கு மூச்சு வாங்கும்." பிறகு விளையாட்டாக ஒரு நிபந்தனையும் போட்டார். "நூறு யார்ட்டில பத்து வெடி. பத்தும் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு வட்டத்துக்குள்ள விழவேணும். துவக்குக் கிளப்காரன் ஒருத்தன் நிண்டு பாத்துச் சொல்லட்டும், உன்ர பேரில வேட்டைப் பேர்மிட்டுக்கு எழுதிறன்."

ஏலாது என்ற சொல்லை அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது. அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரி லாண்டரியின் சூப்பர்வைசர் ஒருமுறை சொல்லிப்பார்த்தார். இப்போது அந்த ஷிப்டே அவள் கையில்தான் ஓடுகிறது.

கணவன் யோகராஜா தலையில் கையை வைத்தார். "உமக்கென்ன விசரே? துவக்குக்குப் பயந்துதானே நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள்!"

"ஓம். எப்பவும் துவக்குக்கு முன்னாலதான் நிண்டனான். ஒருக்காப் பின்னால நிண்டு பாக்கப் போறன்."

கோயிலில் பக்கத்துத் தெருச் சந்திரவதனா, உயிர்க்கொலை என்று பாவபுண்ணியம் பேசினாள். பிரசாதத் தட்டோடு நின்ற கனகாம்பிகை திரும்பி, "ஆட்டைப் பங்கு போட்டு இறைச்சி வேண்டேக்க, அந்த ஆடு தானாச் செத்ததோ எண்டு கேட்டனீங்களோ?" என்றாள். அதன் பிறகு முகத்துக்கு நேரே யாரும் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால், ஊரில் சண்டை பிடிக்கிற இயக்கத்தில் சேரப்போகிறாள் என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டாள்.

எசெக்ஸ் பக்கம் ஒரு பழைய மணற்குழிக்குள் அவள் சேர்ந்த துவக்குக் கிளப் இருந்தது. பழக்கியவர் டெரக், பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். முதல் நாள், பக்கத்தில் நின்ற ஒருவன் சுட்டதும் கனகாம்பிகை மேசைக்கடியில் குப்புறக் கிடந்தாள். மூளையைக் கேட்காமல் உடம்பு தானாகச் செய்த வேலை அது. ஷெல் விழுந்த காலத்தில் பழகிய உடம்பு. நாலைந்து பேர் சிரித்தார்கள். கிளப் தலைவர் கோர்டன் சிரிக்கக்கூட இல்லை; "இந்த அம்மாவுக்கு இது சரிவராது" என்று டெரக்கிடம் அவள் காதுபடவே சொன்னார். அவளுக்கு அவமானத்தில் கண் கலங்கியது. எழுந்து மணலைத் தட்டிக்கொண்டாள். அடுத்த ஞாயிறும் போனாள்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனாள். மருந்தை அளந்து கொட்டவும், எண்ணெய்த் துணியில் குண்டைச் சுற்றிக் கம்பால் அடிமட்டம் வரை இறக்கவும், சுத்தியல் விழும் இடத்தில் இருக்கும் ஊசித்துளைக் குழாயில், தட்டினால் பொறி பறக்கும் செப்புக் கேப்பைச் செருகவும் பழகினாள். தோள் கன்றிப்போனது, லாண்டரியில் மூட்டை தூக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள். யோகராஜா காரில் கொண்டுபோய் இறக்குவார். ஆனால் உள்ளே வரமாட்டார்; கண்ணாடிகளை இறுக்க ஏற்றிவிட்டு ரேடியோவைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு இருப்பார்.

பத்து வெடிப் பரீட்சை ஒக்டோபரில் ஒரு ஞாயிறு. அந்த ஆண்டு விஜயதசமியும் அன்றைக்கே வந்தது. யாழ்ப்பாணத்தாள் விஜயதசமியில் ஆயுதத்தைத் தொடுவதென்றால் சும்மா தொடுவாளா? தையல் மெஷினுக்கும் காருக்கும் வைத்துவிட்டு வந்த சந்தனத்தில் மிச்சத்தை ஒரு பிலிம் டப்பாவில் கொண்டுவந்திருந்தாள். துவக்குக்கு நெற்றி எது? சுத்தியல் விழும் இடம்தான் என்று தீர்மானித்து, அங்கே தாராளமாகச் சந்தனத்தை அப்பி, குங்குமமும் வைத்துக் கும்பிட்டாள். சாட்சியாக நின்ற கோர்டன் புருவத்தை உயர்த்தினார்.

மருந்து போட்டாள். குண்டை இறக்கினாள். கேப்பைச் செருகிக் குறிபார்த்து விசையை இழுத்தாள்.

கேப் மட்டும் 'டப்' என்றது. துவக்கு வெடிக்கவில்லை.

இப்படியானால் குழலை இலக்கை விட்டு அசைக்கவே கூடாது. உள்ளே பொறி கனன்றுகொண்டிருந்தால் எந்த நேரமும் வெடிக்கும். கனகாம்பிகை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். கோர்டனுக்குப் பொறுமையில்லை. "துவக்குக்கு மேக்கப் போட்டால் இதுதான் நடக்கும்" என்றபடி, என்ன கோளாறென்று பார்க்க, சுடுகிறவர்கள் நிற்கும் கோட்டைத் தாண்டி அவளுக்கு முன்னால் வரப்பார்த்தார்.

"டேய்! பின்னால போடா!"

தமிழ் ஒரு சொல்லும் தெரியாத கோர்டன் அந்த இடத்திலேயே நின்றார். பிறகு ஓரடி, ஈரடியாகப் பின்வாங்கினார். காருக்குள் இருந்த யோகராஜாவுக்கு ரேடியோவையும் தாண்டி அந்தச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்து போட்டபடி மணற்குழிக்குள் ஓடிவந்தார். துவக்குகள் இருக்கிற திசைக்கு அந்த மனிதன் ஓடியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"அவள் செய்ததுதான் சரி, கோர்டன். நீங்கள்தான் கோட்டைத் தாண்டினீர்கள்" என்றார் டெரக்.

காத்திருக்க வேண்டிய நேரம் முடிந்ததும் கனகாம்பிகை பழைய கேப்பை எடுத்தாள். துளைக்குள் ஈரச் சந்தனம் அடைத்திருந்தது. "பிழை என்னுடையதுதான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ஊசிக்கம்பியால் குத்தித் துடைத்துப் புதுக் கேப் போட்டாள். இம்முறை துவக்கு முழங்கியது. புகை கலைந்தபோது வட்டத்துக்குள் ஒரு துளை தெரிந்தது.

கோர்டன் தொண்டையைச் செருமினார். "மிச்சச் சந்தனத்தையும் துடைத்துவிடுங்கள். கிளப் துவக்கில் இனி இந்த வேலை வேண்டாம்."

அவள் டப்பாவைத் திறந்தாள். துவக்கின் மரக்கட்டையில், கன்னம் பதிகிற இடத்துக்குப் பின்னால், முன்னதைவிடப் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். "இடம்தான் பிழை. பொட்டு பிழையில்லை" என்று அவருடைய மொழியிலேயே சொன்னாள். மிச்ச ஒன்பதையும் சுட்டாள். காதைப் பொத்திக்கொண்டு யோகராஜா கடைசிவரை பின்னால் நின்றார். பத்தும் வட்டத்துக்குள் விழுந்ததைக் கோர்டனே தன் கையால் எழுதிக் கொடுக்கவேண்டியதாயிற்று.

அன்று பின்னேரமே கொலராடோவுக்கு அழைத்தாள். பத்மநாதன் நழுவப் பார்த்தார்.

"தாளில அடிக்கிறது வேற, உயிரில அடிக்கிறது வேற பிள்ளை. உன்ர கை கொஞ்சம் பிசகினாலும் அது காயத்தோட ஓடும். எவ்வளவு தூரம் ஓடுமெண்டு உனக்குத் தெரியாது."

அடுத்த அறையில் யோகராஜா டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"அண்ணை, காயத்தோட ஓடுறதைப் பற்றி எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம். நீங்கள் சண்டை துடங்க முந்தியே, எழுபத்தெட்டில பிளேன் ஏறின ஆள். ஓடினது நாங்கள். அது ஓடாது எண்டு நிச்சயமாத் தெரிஞ்சாத்தான் நான் விசையில விரல் வைப்பன். தெரியாட்டி, வைச்ச மருந்தோட மலையால இறங்கி வருவன். இதைவிட வேற என்ன தெரியவேணும் உங்களுக்கு?"

மறுமுனையில் தாள் சரசரக்கும் சத்தம் கேட்டது.

"பேரை எழுதிறன்," என்றார் பத்மநாதன். "வா."