இருளாயி கூடையில் ஒரு கைப்பிடி

“ஆள் கொறைக்கணும்னா என்னையக் கொறைச்சுக்கய்யா! என் வாயால ஒரு பொம்பள பேரச் சொல்ல வைக்கலாம்னு பாக்குறியா? நீ சூப்பர்வைசரா, புள்ள புடிக்கிறவனா?”

கையுறைத் தொழிற்சாலையின் ஆபீஸ் அறையில் ராக்காயி போட்ட சத்தம், வெளியே ஓடிக்கொண்டிருந்த மெஷின் இரைச்சலைத் தாண்டிக் கேட்டது. எதிரே டையைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான் உடையப்பன். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம் முடித்த பையன். மேலே இருக்கிறவர்கள் தும்மினால் இவனுக்குச் சளி பிடிக்கும்.

“அக்கா, மெதுவாப் பேசுங்க லா. லைன்ல ஒரு ஆளக் கொறைக்கச் சொல்லி மேனேஜர் ஆர்டர். நீங்கதான லீடர்? யாருன்னு நீங்கதான் சொல்லணும்.”

“லீடர்னா கழுத்தறுக்கிறவளா? அப்ப இத நீயே குத்திக்க!”

நெஞ்சில் குத்தியிருந்த லீடர் பேட்ஜைப் பிடுங்கி மேசைமேல் வீசினாள். உடையப்பன் அதை எடுத்துத் துடைத்து டிராயருக்குள் போட்டான். அந்த இடத்திலேயே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் கோபம் வந்துவிட்டால் ராக்காயிக்கு எதிரில் நிற்கிற மாடு கூடத் தெரியாது.

கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் சீவி, அங்கேயே தாலி கட்டிக்கொண்டு, அங்கேயே அறுத்தவள். புருஷன் சம்சுச் சாராயம் குடித்துச் செத்தான். அவன் போனதில் அவளுக்கு வாங்குகிற அடி மிச்சமானது. பிள்ளை கிடையாது. தோட்டத்துப் பெண்கள்தான் எல்லாம்.

அந்தத் தோட்டத்தில் ஒரு பழக்கம் இருந்தது. காய்ச்சல்காரி, பிள்ளை பெற்று எழுந்தவள் என்று யாராவது தன் பங்கு மர நிரையைச் சீவி முடிக்க முடியாமல் தடுமாறினால், பாலைச் சுமந்துகொண்டு கொட்டகைக்குப் போகிற வழியில் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு குவளை பாலை அவள் வாளியில் ஊற்றுவார்கள். கணக்கு எழுதுகிற கிராணி நிறுக்கும்போது அவளுக்கும் குறையாது. இதை யாரும் உதவி என்று சொல்லிக்கொண்டதில்லை. ஊற்றாதவளோடு தண்ணீர்க் குழாயடியில் யாரும் பேச மாட்டார்கள், அவ்வளவுதான்.

எழுபத்து நாலில் ஒருநாள் விடியற்காலை, பேர் கூப்பிடுகிற பெரட்டில், கங்காணி ராமையா வாயும் வயிறுமாக இருந்த ஒருத்தியின் பேரை வெட்டப் போனான். ராக்காயி பால் சீவுகிற கத்தியைக் கீழே போட்டாள். “அப்ப என் பேரையும் வெட்டு” என்றாள். மற்றவர்கள் கேள்வி கேட்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். வெயில் ஏறினால் மரத்தில் பால் நின்றுவிடும். “எந்திரிங்க தாயி, என் வேலைக்கு உலை வச்சிராதீங்க” என்று ராமையா கும்பிட்டான். அந்தக் கும்பிடு ராக்காயிக்குள் அப்படியே தங்கிவிட்டது. என் பேரை வெட்டு என்று சொன்னால் போதும், உலகம் இறங்கி வரும் என்று நம்பிவிட்டாள்.

பிறகு தோட்டத்தை விற்று வீடுகள் கட்டினார்கள். சனங்கள் சிதறிப்போனார்கள். ராக்காயியும் லயத்தில் பக்கத்து வீட்டிலிருந்த இருளாயியும் ஈப்போவுக்கு வந்து, புந்தோங்கில் பலகை வீடுகளில் ஒண்டினார்கள். எண்பத்தெட்டில் உலகம் முழுக்க ஆஸ்பத்திரிக் கையுறை கேட்டது. தொழிற்சாலை ஆள் தேடியது. இங்கேயும் ரப்பர் பால்தான். பாலில் முக்கிச் சுட்ட பீங்கான் கைகள் சங்கிலியில் வரிசையாக ஆடிக்கொண்டு வரும். பெண்கள் நின்றபடி கையுறையை உருவிக் கூடையில் போட வேண்டும். ஆளுக்கு ஒரு கூடை, கூடைக்கு ஒரு நம்பர். வேலை முடிந்ததும் நிறுப்பார்கள்.

வாய் இருந்ததால் ராக்காயியை லீடர் ஆக்கினார்கள். லீடர் நின்று பார்த்தால் போதும். அவளோ நின்றும் பார்த்தாள், உருவியும் போட்டாள்.

சில மாதத்தில் இருளாயியின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. உருவ முடியவில்லை.

“ஆளுக்கு ஒரு கைப்பிடி அவ கூடையில போடுங்கடி” என்றாள் ராக்காயி.

“இங்கயுமாக்கா?” என்று நல்லம்மாள் முனகினாள். முனகிக்கொண்டே போட்டாள். எல்லோரும் போட்டார்கள். ஆளுக்கு ஒரு கைப்பிடி சேர்ந்து, கடைசியில் இருளாயி கூடைதான் எல்லாரையும்விடக் கனத்தது.

“ஏ இருளாயி, ஒன் கூடை நெறமாசமாட்டம் இருக்குடி!” என்று லைனே சிரித்தது. இருளாயியும் சிரித்தாள்.

இந்த லைன் மட்டும் எப்படி என்றைக்கும் குறையாமல் தருகிறது என்று மேனேஜருக்கு ஆச்சரியம். கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வந்து, பலகையில் வட்டம் போட்டு, டீம்வர்க் என்று பாடம் நடத்தினார். உங்கள் லைனின் ரகசியம் என்ன என்று கேட்டார். ராக்காயிக்குத் தலைகால் புரியவில்லை. “எங்கள்ல ஒருத்தி இல்லேன்னாலும் கூடை கொறையாது, சொல்லு அவருகிட்ட” என்றாள். உடையப்பன் அதை இங்கிலீசில் சொன்னான். வந்தவர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

மறுவருஷம் ஆர்டர் சரிந்தது. எந்த லைனில் ஆளைக் குறைப்பது என்று அவர்கள் யோசிக்கவே இல்லை. ஒருத்தி இல்லாமலும் ஓடும் என்று லீடரே சொன்ன லைன் இருக்கிறதே.

அவள் வீசிய பேட்ஜையே கணக்கு முடித்ததாக எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை, ராக்காயி தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே போய் நின்றாள். பஸ் வந்தது. பெண்கள் இறங்கினார்கள். இறங்கியதும் உட்காருவார்கள் என்று பார்த்தாள். அவர்களோ குனிந்த தலையோடு உள்ளே போனார்கள். நல்லம்மாள் மட்டும் நின்றாள்.

“நீ பேச்சுக்குச் சொன்னேன்னு நெனச்சோம்க்கா.”

“பேச்சுக்குத்தான்டி சொன்னேன்! நீங்க உக்காந்திருந்தா அது பேச்சோட போயிருக்கும்.”

“உக்காந்தா?” நல்லம்மாள் காவல்காரன் கூண்டுப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே வேலை கேட்டு வந்த குமரிப் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். “நாம உக்காந்தா அதுங்க நிக்கும்க்கா. சங்கிலி ஓடிக்கிட்டேதான் இருக்கும்.”

“இருளாயி எங்க?”

நல்லம்மாள் பஸ்ஸைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். கடைசியாக இறங்கிய இருளாயியின் நெஞ்சில் லீடர் பேட்ஜ் இருந்தது. லைனிலேயே கெட்டிக்காரி யார் என்று உடையப்பன் பார்த்திருக்கிறான். எந்நாளும் கனத்த கூடை அவளுடையதுதான்.

“நான் கேக்கலக்கா. நேத்து அவனாத்தான் கூப்புட்டுக் குடுத்தான்.”

“வாங்குன கைக்கு வீசத் தெரியலையா?”

“எனக்கு புள்ளைங்க இருக்கு” என்றாள் இருளாயி. பிறகு, சொல்லக் கூடாததை மெதுவாகச் சொன்னாள். “நீ ஒண்டிக்கட்டை. நீ வீசலாம்.”

ராக்காயி அதே பஸ்ஸில் ஏறி வீட்டுக்குத் திரும்பினாள்.

கொஞ்ச நாள் கழித்து நல்லம்மாள் புந்தோங்குக்கு வந்தாள். அவள் மணிக்கட்டு இப்போது பூரி மாதிரி உப்பியிருந்தது. இருளாயி நின்று பார்க்கிற லீடராம். உருவுகிற வேலையே இல்லையாம்.

“அடுத்தவ கூடையில போடக் கூடாதுங்குறாக்கா. அவங்கவங்க கூடைய அவங்கவங்க பாருங்கடின்னு கத்துறா. லைனே அவளப் பாத்தாப் பயப்படுது.”

“சரியான லீடர்தான்” என்றாள் ராக்காயி. காப்பி வேண்டுமா என்று கூடக் கேட்கவில்லை.

நல்லம்மாள் வீங்கிய கையைத் தடவிக்கொண்டாள். “நானும் வேலைய விட்டு நின்னுக்கலாம்னு பாக்குறேன். நாம நாலஞ்சு பேரு சேந்து முறுக்குச் சுட்டா, தீபாவளி ஆர்டர் எடுக்கலாம். நீ முன்னால நின்னாப் போதும்க்கா.”

“முன்னால நின்னதெல்லாம் போதும். நீ கெளம்பு.”

மறுநாள் ராக்காயி டவுனுக்குப் போய், அப்துல் ஹலீம் பாத்திரக் கடையில் முறுக்கு அச்சு கேட்டாள். அவர் பெரிய மர அச்சு ஒன்றை எடுத்து வைத்தார்.

“இது நல்லாருக்கும்மா. ஒரு ஆள் புடிச்சுக்கணும், ஒரு ஆள் திருகணும். வேலை மளமளன்னு ஓடும். பதினாறு வெள்ளி.”

“இன்னொரு ஆளையும் நீங்களே தருவீங்களா பாய்?”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டு, உள்ளே போய்ச் சின்ன பித்தளை அச்சு ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரே ஆள் பிடித்து அந்த ஆளே திருகலாம். கை வலிக்கும், வேலையும் பாதிதான் ஓடும் என்று அவரே சொன்னார். ராக்காயி அதைத் திருகிப் பார்த்து மடியில் வைத்துக்கொண்டாள். பேரம் கூடப் பேசவில்லை. முப்பத்தெட்டு வெள்ளி.