அவள் கொடுத்த ஃபான்ட்

தொண்ணூறுகளின் பிற்பாதியில் அவளும் நானும் கோயமுத்தூர் சரவணம்பட்டியில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டரில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தோம். அவள் அன்னூர்ப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மகள். வகுப்பு இல்லாத நேரமெல்லாம் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க, ஒவ்வொரு எழுத்தாக வரைந்து, தானே ஒரு ஃபான்ட் செய்தாள். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்கள் முதல் யார் வந்து கேட்டாலும் ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்துவிடுவாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

“எப்படி உபயோகிக்கோணும், யாரு செஞ்சதுன்னு ரெண்டு வரி எழுதி வெய்யி புள்ள” என்பேன்.

“ஊட்டுக்கு வந்தவங்களுக்குச் சோத்தப் போட்டுப்போட்டு, இப்படித்தான் திங்கோணும்னு சொல்லுவியா நீயி?”

சிரித்துவிடுவாள். கண்டிஷன் போட்டுக் கொடுப்பது எங்கள் பக்கம் மரியாதைக் குறைச்சல். அந்த ஃபான்ட் பெயரில்லாமலே ஊரெல்லாம் சுற்றியது.

ஒரு மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்து அவள் போய்விட்டாள். அவளை நன்றாகத் திட்ட வேண்டும்போல் இருக்கும். திட்ட ஆள் இல்லை.

பிற்பாடு, லினக்ஸ் என்கிற இலவச மென்பொருளை சிடியில் போட்டுத் தருகிற பெங்களூர்ப் பையன்கள் அந்த ஃபான்ட்டைச் சேர்க்க ஆசைப்பட்டார்கள். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்கிற லைசென்ஸ் எழுத்தில் வேண்டும் என்றார்கள்.

“எல்லாருக்கும் வாயாரக் கொடுத்தாளே!” என்றேன்.

“வாயால சொன்னதை நம்பி நாங்க சிடில போட முடியாதுங்க. எழுதித் தராத வரைக்கும் காப்பிரைட் அவங்களுதுதான்.”

என்ன கொடுமை! ஊருக்கே கொடுத்தவளின் பொருள், சட்டத்தின் கணக்கில் யாருக்கும் கொடுக்கப்படவே இல்லையாம். இப்போது உரிமை அவளுடைய அப்பா அம்மாவுக்கு. அவர்கள் கையெழுத்து இல்லாவிட்டால் பழைய ஃப்ளாப்பிகளோடு அது செத்துப்போகும். பையன்கள் அனுப்பிய லைசென்ஸ் தாளோடு அன்னூருக்கு பஸ் ஏறினேன்.

அவள் அப்பா தாளை வாங்கிப் படித்தார். ‘உரிமையாளர்களாகிய நாங்கள்’ என்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

“ஏனுங்க அம்மணி, இது அவ குடுத்துப்போட்டதுங்க. எங்களுதுன்னு நாங்க எப்படிங்க எழுதறது? குடுத்ததைத் திருப்பி வாங்குன மாதிரி ஆயிருமுங்களே.”

“உங்களுதுன்னு சொன்னாத்தானுங்கப்பா குடுக்கவே முடியும். சட்டம் அப்படி இருக்குதுங்க.”

“என்ன சட்டமோ போங்க!” தாளை என்னிடமே நீட்டினார்.

அவள் செய்தது இனி எங்குமே இருக்காது என்பதை என்னால் தாங்க முடியவில்லை. கடைசி வரியை மட்டும் உரக்கப் படித்தேன்: ஃபான்ட்டுக்குள் செய்தவர் பெயர் இருக்கும்; யார் நகலெடுத்தாலும், யார் திருத்தினாலும், அதை நீக்கக் கூடாது.

உள்ளேயிருந்து அவள் அம்மா வந்தார்கள்.

“பேரை அழிக்கக் கூடாதுன்னா போட்டிருக்குது, கண்ணு?”

“ஆமாங்கம்மா. ஆருமே அழிக்கக் கூடாதுங்க.”

“இந்த ஊட்ல நாங்களே அவ பேரை வாய் தொறந்து சொல்றதில்ல. சொன்னா இவரு சோறு திங்க மாட்டாரு.”

என் கையிலிருந்த பேனாவை வாங்கி அம்மாதான் முதலில் கையெழுத்துப் போட்டார்கள். அப்பா தாளைத் தன் பக்கம் இழுத்து, அதற்குக் கீழே அவரும் போட்டார்.

கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்தார்கள்.

“அந்த சிடி வந்தா எங்களுக்கும் ஒண்ணு குடு கண்ணு.”

“இங்க கம்ப்யூட்டர் இல்லீங்களேம்மா.”

“இல்லாட்டிப் போவுது. அவ பேரு உள்ளார இருக்குதுல்ல.”