இரண்டாவது போன்

என் கணவர் மூணாற்றில் ஜீப் ஓட்டுகிறார். தேயிலை எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டில், மடித்து வைத்த கம்பளிக்குள் ஒரு போன் கிடைத்தபோது யாரோ ஒருத்தி வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். ஏற்கெனவே ஒரு போன் வைத்திருக்கும் மனிதருக்கு இன்னொன்று எதற்கு?

கேட்கவில்லை. கேட்டால் பொய்தான் வரும். வேவு பார்த்தேன். கூப்பிட்டால் பாதி நேரம் திரும்புவதே இல்லை. மகளிடம் ஏதோ குசுகுசுத்தார். நான் போனதும் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். பெற்ற பிள்ளையையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டாரே!

ஒருநாள் நான் வேலை பார்க்கும் டீ ஃபேக்டரியில் மெஷின் பழுதாகி மதியமே விட்டுவிட்டார்கள். சத்தமில்லாமல் வந்து கதவைத் தள்ளினேன். கட்டிலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பக்கத்துக்கு ஒரு போன். இடது போனில் ஜீப் ஹார்ன் அடித்தது. அவர் வலது போனைத் தட்டினார். திரையில் பொம்மை ஜீப் பள்ளத்தில் விழுந்தது.

"என்னங்க இந்தக் கூத்து?"

பதறிப்போய்க் கண்ணைத் திறந்தார். "ஏட்டி, கேம்தான். நானே செஞ்சது. ஹார்ன் எதுல அடிக்குதோ அதத் தட்டணும்."

மகளுக்குப் பள்ளியில் காட்டிய ஆப் அது; அவள்தான் இவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். திரையில் கலர் கட்டைகளை ஒட்டினால் முயல் நடக்கும், பந்து துள்ளும், அவ்வளவுதான். சத்தத்தை இடம், வலம் என்று பிரிக்க அதில் வழி கிடையாது. அதனால்தான் இரண்டு போன். இரண்டிலும் ஓடும் கடிகாரத்தைப் பார்த்து, எதில் ஹார்ன் அடிப்பது என்று அவையே முடிவு செய்யும்படி கட்டைகளை அடுக்கியிருந்தார். பத்தாவது தாண்டாத மனிதர்! மெச்சத்தான் தோன்றியது. ஆனால் விளையாட்டை எதற்கு ஒளிக்க வேண்டும்?

"கண்ண மூடிக்கிட்டு இன்னொரு தடவ ஆடுங்க."

இடமும் வலமுமாக மாறி மாறிப் பத்து ஹார்ன். பத்துக்கும் வலது போனையே தட்டினார்.

எஸ்டேட் ரோட்டில் மூடுபனி இறங்கினால் எதிர்வண்டி கண்ணுக்குத் தெரியாது. ஹார்ன் எந்தப் பக்கம் என்று கேட்டுத்தான் ஒதுங்குவார்கள். 

"எத்தன நாளா?"

"இடது காது... மூணு மாசமா கேக்கல. பழகுனா சரியாயிரும்னு நெனச்சேன். ஓனருக்குத் தெரிஞ்சா வண்டி தரமாட்டாரு."

ஒருத்தியாகவே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். சண்டை போட்டாவது துரத்தியிருப்பேன்.

மறுநாள் காலை வீடு முழுக்கத் தேடினார். "ஜீப் சாவியப் பாத்தியா, ஏட்டி?"

"எங்கிட்டத்தான் இருக்கு. தரமாட்டேன்."

அவர் தேடிக்கொண்டே இருந்தார். நான் எழுந்து அவருடைய வலப்பக்கம் போய் நின்று, இன்னொரு முறை சொன்னேன்.