பன்னிரண்டு நிமிஷம்

மந்திரி ஆன பிறகும் அவரை ஊரில் டைம்கீப்பர் என்றுதான் சொன்னார்கள். முகத்துக்கு நேரே ஐயா, முதுகுக்குப் பின்னால் டைம்கீப்பர். அது அவருக்கும் தெரியும். அவருக்கென்ன காது இல்லையா?

பஸ் டிப்போ வாசலில் ஒரு தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது வெளியே போனது, எப்போது உள்ளே வந்தது என்று எழுதுவதுதான் அவருடைய முதல் வேலை. தாமதமாக வந்த டிரைவர் சாலை மறியல் என்பான். இவர் அலட்டிக்கொள்ளாமல் ஏட்டைப் புரட்டி, "உனக்குப் பின்னாடி கிளம்பின வண்டி எப்படிப்பா உனக்கு முன்னாடி வந்துச்சு?" என்று கேட்பார். எதிரே நிற்பவன் முகத்தில் ஈயாடாது. நிர்வாகத்தின் பொய்களையும் இதே மாதிரி பிடித்ததால் தொழிற்சங்கச் செயலாளர் ஆனார். அங்கிருந்து நகரசபை, பிறகு சட்டசபை, ஐம்பத்திரண்டு வயதில் போக்குவரத்து மந்திரி.

வேலை மாறியது, புத்தி மாறவில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு. யார் எத்தனை மணிக்கு வந்தார், யாரோடு எவ்வளவு நேரம் பேசினார், எப்போது போனார், எல்லாம் அதில் ஏறும். மனைவி போனில் பேசினாலே கடிகாரத்தைப் பார்க்கிற மனிதர். "என்னையும் எழுதிக்கிட்டீங்களா?" என்று அந்த அம்மாள் ஒரு நாள் கேட்டே விட்டாள். எழுதித்தான் இருந்தார்.

நோட்டில் ஏறாத ஒரே ஆள் அவருடைய கார் டிரைவர். டிப்போ காலத்துச் சிநேகிதன். பிறகு தங்கையைக் கட்டிக்கொண்டு மச்சான் ஆனவன். கார்க் கதவு மூடியிருந்தால் "மச்சான்", திறந்தால் "ஐயா". இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவனுக்கு வாய் தவறியதில்லை.

அந்த வருஷம் கட்சிக்குள் புகைச்சல். முதலமைச்சர் மேல் கடுப்பிலிருந்த மூன்று உறுப்பினர்கள் இவரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஒரு சனிக்கிழமை காலை, பல் டாக்டர் ஒருவரின் கிளினிக் பின்னறையில் சந்திப்பு. வீட்டில்கூடப் பல்வலி என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். விஷயம் கசிந்தால் பதவி காலி. சொன்னால் அந்த மூவரும்தான் மாட்டுவார்கள்; அவர்களைத் தவிர, உடன் வந்த மச்சானுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒன்பது நாள் கழித்து, திங்கட்கிழமை மந்திரிசபைக் கூட்டத்தில் முதலமைச்சர் சிரித்துக்கொண்டே கேட்டார். "பல்லு எப்படி இருக்கு? பிடுங்கியாச்சா, இன்னும் ஆடுதா?"

பல்வலியைப் பற்றி இவர் அங்கே யாரிடமும் சொன்னதில்லை. திரும்பும்போதே காரில் நோட்டைப் பிரித்தார். அந்தச் சனிக்கிழமை அவர் கிளினிக்கை விட்டு வெளியே வந்தபோதுதான் கார் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. முதல் தடவையாக மச்சானையும் அன்று எழுதியிருந்தார்: கார் இல்லை, 11.15 முதல் 11.27 வரை.

"அன்னிக்குப் பன்னெண்டு நிமிஷம் எங்க போனே?"

"உன் தங்கச்சிக்கு மாத்திரை வாங்க, முனைக் கடைக்கு. அன்னிக்கே சொன்னேனே மச்சான்."

"மாத்திரை வாங்க அஞ்சு நிமிஷம். மீதி ஏழு?"

மச்சான் கண்ணாடியில் அவரையே பார்த்தான். "கடையில கூட்டம்" என்றான்.

ஆள் விட்டு விசாரித்ததில், கூட்டம் இருந்ததாக ஞாபகமில்லை என்றார் மருந்துக் கடைக்காரர். அது போதுமாயிருந்தது. மறுநாள் காலையில் கார்ச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். தங்கை போனில் அழுதாள். "அண்ணா, அவரைப் போயா சந்தேகப்பட்டே?"

"அரசியல் உனக்குப் புரியாதும்மா" என்று வைத்துவிட்டார். மணி ஒன்பது ஐந்து. எழுதிக்கொண்டார்.

மூன்று வாரத்தில் புது மந்திரிசபைப் பட்டியல் வந்தது. அவர் பெயர் இல்லை. அறையைக் காலி செய்துகொண்டிருந்தபோது முதலமைச்சரின் செயலாளர் எட்டிப் பார்த்தார்.

"உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு சார். எங்க ஐயா கண்ணாடிகூடப் போடாம படிச்சார்."

அந்த ஆள் போன பிறகுதான் உறைத்தது. நோட்டைப் புரட்டினார். சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை, பல்லைப் பற்றிக் கேட்டதற்கு முந்தைய மந்திரிசபைக் கூட்டம். அவர் கையெழுத்திலேயே இருந்தது: நோட்டு மேஜையில் மறந்தது 12.40. பியூன் கொண்டுவந்து கொடுத்தது 1.25.

நாற்பத்தைந்து நிமிஷம். மச்சானின் ஏழு நிமிஷத்துக்கு ஊரெல்லாம் சாட்சி தேடியவர், இதை எழுதி வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போயிருக்கிறார். பல் டாக்டர், பின்னறை, மூன்று பேரின் பெயர், எல்லாம் அதற்கு முந்தைய பக்கத்திலேயே வரிசையாக இருந்தது. பதவி போனதைவிட அவருக்கு வெட்கம்தான் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துத் தங்கை வீட்டுக்குப் போனார். மச்சான் இப்போது ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். தெருவில் வேறு ஈ, காக்கை இல்லை.

"மச்சான்" என்று கூப்பிட்டார்.

அவன் குழாயை மூடினான். கையைத் துடைத்துக்கொண்டான். "வாங்க ஐயா" என்றான்.

"தப்பு பண்ணிட்டேன்டா."

"உள்ள வந்து உக்காருங்க. அவ படுத்திருக்கா, எழுப்புறேன்." வாசற்படியில் நின்று திரும்பினான். "மணி நாலு பத்து."

பழக்கதோஷம், அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பாதியிலேயே நிறுத்திவிட்டார். ஆனால் மச்சான் அதற்குள் பார்த்துவிட்டான்.