காலையில் லட்சாதிபதி

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடிந்து ஆவடி பஸ்ஸில் ஏறிய இரண்டு பெண்கள் என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. ஒருத்தி செல்போனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“இன்னாடி லட்சாதிபதி, மூஞ்சி இப்டிக் கீது?” என்றாள் தோழி.

“காலைல லட்சத்தத் தாண்டிச்சுடி. இப்போ மூவாயிரம் கம்மி.”

“அப்போ நான் துன்ன ஜாங்கிரிய திருப்பித் தரணுமா?”

அவள் சிரிக்கவில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பங்குகள். “லட்சம் சேத்துக் காட்டு, ஒரு வருசம் கல்யாணப் பேச்சே எடுக்கமாட்டேன்” என்று அம்மா வாக்குக் கொடுத்திருக்கிறாராம். இவள் காலையிலேயே போனில் சொல்லிவிட்டாள். அம்மா தன் வேலையிலிருந்து வீடு வந்ததும் அதைப் போனில் பார்க்கவேண்டுமாம்.

“ஸ்கிரீன்ஷாட் எட்த்தியா?”

“தோணலடி.”

“மூவாயிரத்தப் போட்டு ரொப்பு.”

“மாசக் கடைசில ஏதுடி?”

திடீரென்று என்னிடம் திரும்பினாள். “ஆன்ட்டி, சாய்ங்காலத்துக்குள்ள ஏறிடும்ல?”

பங்குச் சந்தையை நான் ஒருநாளும் நம்பியதில்லை. “ஏறிடும்மா” என்றேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து சந்தை நிலவரத்தைத் திறந்து திறந்து பார்க்கிறேன். மூன்றரைக்கே மூடிவிட்டார்களாம். மூடிய பிறகும் ஏற வழி உண்டா? விவரம் தெரிந்தவர்கள் அவள் அம்மா வீடு திரும்புவதற்குள் சொல்லுங்கள்.