கை விழுந்த படம்

"யாரும் நடக்காதிய! தரை ஆடுது" என்று சண்முகசுந்தரி அக்கா குரல் கொடுத்தால், அந்த வீட்டில் எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். அவர் கணவர் மகாராஜன் அண்ணாச்சி சட்டைக்குள் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி நிற்பார். அக்கா ஒரு நூல் பொம்மையின் காலை நெல் அளவு நகர்த்திவிட்டு, முக்காலியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய போனைத் தொடுவார். ஒரு க்ளிக். "ம், இப்பம் போங்க."

"சோறு பொங்குததும் இப்படித்தானா? ஒரு ஒரு அரிசியா?" என்பார் அண்ணாச்சி.

அக்காவுக்குச் சொந்தமாக ஒரு விசைத்தறி உண்டு. அது போக, மற்ற வீடுகளுக்குப் பாவு பிணைக்கவும் போவார். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு தீரும் இடத்தில் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கிற வேலை. விரலில் துளி சாம்பலைத் தொட்டுக்கொண்டு, ஊர்க்கதை பேசியபடியே மூவாயிரம் இழைகளைச் சேர்த்துவிடுவார். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதும் முந்தானை ஓரத்து நூலை அந்த விரல்கள் முறுக்கிக்கொண்டிருக்கும். அக்கா எடுக்கும் பொம்மைப் படத்துக்கு நொடிக்குப் பன்னிரண்டு படம் என்றால் நாலு நிமிடத்துக்கு மூவாயிரம் படம் எடுக்க வேண்டுமே என்று நான் பயமுறுத்தியபோது, "ஒரு பாவுதான தம்பி?" என்றார்.

நான் அந்த வீட்டு மாடியில் குடியிருப்பவன். கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்துக் காட்டில் மிளகாய் பறித்த குடும்பத்தில் முதல் பட்டதாரி. அதிலும் கணினி அறிவியல். படங்களைக் கோத்து ஓடவைக்கும் ஆப்பைச் சொல்லிக்கொடுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கி வந்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் அக்கா எனக்குத் திருத்தம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

படம் எங்கள் தெருவைப் பற்றியது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலையில் குளக்கரை உடைந்து, இடுப்பளவு தண்ணீர் தெருவுக்குள் வந்தது. அட்டையில் வீடுகள், கழிவு நூலில் மனிதர்கள், தேயிலை நிற நூலில் வெள்ளம். தண்ணீருக்கு நீல நூல் வைக்கலாமே என்று சொன்னேன். "நம்ம தெருவுக்குள்ள வந்தது கரிசல் தண்ணி. நீலத்தக் காட்டுனா ஒரு பய நம்பமாட்டான்."

எடுத்ததை அழிப்பதுதான் பெரிய வேலை. விரல் நுனியோ வளையலின் நிழலோ ஓரத்தில் தெரிந்தால், "கை விழுந்துட்டு" என்று அந்தப் படத்தை அழித்துவிடுவார். ஒருநாள் பூனை வாலுக்காக நாற்பது படங்கள் போயின.

வெள்ளத்துக்கு முன்னால் தெருவில் எட்டுத் தறிகள். கண்ணை மூடிக்கொண்டு எது யார் வீட்டுத் தறி என்று அக்கா சொல்வாராம். எதிர்வீட்டு வள்ளித்தாய் மதினியின் தறி மட்டும் நாலு அடிக்கு ஒருமுறை நொண்டும். "அது நின்னா இழ அந்துட்டுன்னு அர்த்தம். இங்கன இருந்தே சத்தம் போடுவேன். நான் தூங்குததே அந்த நொண்டிச் சத்தத்துலதான்" என்று சொல்லிவிட்டு, விரலால் தரையில் தட்டிக் காட்டுவார். மூன்று அடி சீராக விழும், நாலாவது தயங்கும்.

தண்ணீர் வந்த அன்று வள்ளித்தாய் மதினி ஓடிவந்து, அக்காவோடு சேர்ந்து இந்த வீட்டுத் தறியின் மோட்டாரைக் கழற்றிப் பரணில் ஏற்றினார். தன் வீட்டுக்குத் திரும்பியபோது அவருடைய மோட்டார் முங்கியிருந்தது. வெள்ளம் வடிந்த பிறகு தெருவில் ஓடியது அக்காவின் தறி ஒன்றுதான். அதில் வீட்டுக்கு மூன்று மணி நேரம் என்று முறை வைத்து நெய்துதான் தெரு எழுந்தது. அக்காவுடையதையும் சேர்த்து ஏழு தறிகள் ஓடின. மதினி மட்டும் தறியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, திருவேங்கடத்தில் மகள் வீட்டுக்குப் போனவர்தான், தெருப்பக்கம் வரவேயில்லை.

கடைசிக் காட்சிக்காக எட்டாவது அட்டைத் தறியையும் செய்து பாவு ஏற்றியிருந்தார் அக்கா. இரண்டு வாரமாக அதைத் தொடவில்லை. "ஓடுததா காட்டுனா பொய். காட்டாம விட்டா துரோகம். அவியளே வந்து சொல்லட்டும்." ஞாயிற்றுக்கிழமை நெசவாளர் சங்கக் கட்டடத்தில் படம் போடுவதாகத் தெருவே முடிவு செய்திருந்தது. போன் பண்ணும்போதெல்லாம் மதினி, "நாளைக்கு வாரேன்" என்பதோடு சரி.

வெள்ளிக்கிழமை டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் மகள் வீட்டு முருங்கைக்காய். எதிர்வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே உள்ளே வந்து, எடுத்தவரை ஓடவிட்டுப் பார்த்தார்.

"ஏட்டி, என்னைய இம்புட்டுக் குண்டாவா செய்வ?"

"நூலு நெறைய மிஞ்சிட்டு மதினி."

இரண்டு நூல் பொம்மைகள் மோட்டாரைத் தூக்கும் காட்சி வந்ததும் மதினியின் சிரிப்பு நின்றது. படம் முடிந்தது. அக்கா கேட்டார். "உங்க தறிய என்ன செய்யட்டும் மதினி? ஓட்டவா, நிறுத்தவா?"

போனுக்கு முன்னால் இருந்த எட்டாவது தறியின் பக்கம் குனிந்தார் மதினி. பாவில் ஒரே ஒரு இழை அறுந்து தொங்கியது. அக்காவின் கண்ணுக்கு அது எப்படித் தப்பியது என்று எனக்கு ஆச்சரியம்.

"இழ அந்து கெடக்கு. அதப் பாக்காம ஓட்டவா நிறுத்தவான்னு கேக்கா" என்றபடி, விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு இரண்டு நுனிகளையும் பிடித்தார். காய்ப்பேறிய அந்தக் கை அட்டைத் தெரு முழுவதையும் மறைத்தது.

அண்ணாச்சி வாசற்படியில் அப்படியே நின்றார். 'கை விழுந்துட்டு' என்ற சத்தத்துக்காக நானும் காத்திருந்தேன்.

அக்கா போனைத் தொட்டார். ஒரு க்ளிக். மதினியின் விரல்கள் ஒரு நெல் அளவு முறுக்கின. மறுபடியும் தொட்டார்.