அப்பா நீட்டிய மைக்

மகள் கரண்டியை மைக்போல என் முன் நீட்டினாள். "ஏம்மா அழுத?"

எண்பதுகளில் என் அப்பா டி.வி. நிருபர். பரளச்சி கிராமத்தின் வற்றிய கிணற்றடியில், பேசுபவர் முடிக்கும்வரை நீட்டிய மைக்கை இறக்கமாட்டார். பிறகு அரசின் கலைப் பண்பாட்டு அதிகாரியானார்.

திருச்சுழி கலைவிழாவில் பொன்னாடை வாங்கிய பரளச்சி உறுமிக்காரரிடம், பழைய பழக்கத்தில் மைக்கை நீட்டினார்.

"அன்னைக்கு டி.வி.க்குக் கேட்டீகளே சார், இன்னும் எங்கூருக்குத் தண்ணி வரல..."

மேடையிலிருந்த கலெக்டர் திரும்பிப் பார்த்தார். அப்பா மைக்கை இறக்கவில்லை. கட்டைவிரலால் சுவிட்சை மட்டும் அணைத்தார். உறுமிக்காரர் பேசிக்கொண்டே இருந்தார். முன்வரிசையிலிருந்த எனக்கே கேட்கவில்லை.

"சொல்லும்மா" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்லடா, போய் விளையாடு" என்று கரண்டியை வாங்கி வைத்துவிட்டேன். இனி கேட்கவே மாட்டாளோ என்று பயமாக இருக்கிறது.